ஒரு சொல்லுக்குச் சாட்சி

மகனே,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. உன் அறை மேசையில் திறந்தபடியே வைக்கிறேன். அம்மா வாசிக்கலாம். பெரியப்பா கேட்டால் அவருக்கும் கொடுக்கலாம். அரச தரப்புச் சட்டத்தரணியோ எதிர்த்தரப்புச் சட்டத்தரணியோ கேட்டால் ஒரு வரியையும் மறைக்காமல் கொடு. வழக்கில் சாட்சி சொல்லப் போகும் ஒருவனுக்கு அவனுடைய தகப்பன், அதிலும் சட்டம் படித்த தகப்பன், இரகசியமாக எழுதும் எதுவும் சாட்சியைப் பழக்குவதாகவே கொள்ளப்படும். ஆகவே நீ என்ன சொல்ல வேண்டும் என்று இதில் எங்கும் எழுதமாட்டேன். கண்டவன் நீ, கேட்டவனும் நீ. நான் எழுதப்போவது எனக்குத் தெரிந்ததையும் நான் செய்ததையும் மட்டுமே. கடந்த வாரம் என் கன்னம் வீங்கியிருந்ததை நீ பார்த்தாய். பனியில் சறுக்கி விழுந்ததாகச் சொன்னேன். அது பொய். பெரியப்பா என்னை அடித்தார். ஏன் அடித்தார் என்று நீ அறிந்துகொள்ளாமல் சாட்சிக் கூண்டில் ஏறக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நீ "மேசை" என்று முதன்முதலில் சொன்னபோது எனக்கு அது விளங்கவில்லை. நம் நகரில் குடியேறியவர்கள் நெருங்கி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு காலத்தில் எங்கள் பெண்கள் காற்சட்டைகளுக்குப் பொத்தான் தைத்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களும், பல தலைமுறைகளுக்கு முன் அங்கிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகளும் சனிக்கிழமைகளில் கூடி ஒருவருக்கொருவர் கற்பிக்கிறார்கள் என்றாய். ஆசிரியர் இல்லை, பரீட்சை இல்லை, சான்றிதழும் இல்லை. ஒருத்தி வானொலி நிகழ்ச்சி செய்கிறாள், ஒருவர் வெறுங்காணியில் அயலட்டைப் பிள்ளைகளை வைத்துத் தோட்டம் போடுகிறார், ஒருவன் படக்கதை வரைகிறான். "ஊரை மாத்த நினைக்கிற ஆக்களும் கலை செய்யிற ஆக்களும் ஒரே மேசையிலை இருந்து படிக்கிறம் அப்பா" என்றாய். "அதிலை உனக்கு என்ன வேலை? நீ யாழ்ப்பாணத்தானுக்குப் பிறந்தனி" என்று கேட்டேன். அதே கேள்வியை அவர்களும் கேட்டிருந்தார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். ஒலிப்பதிவு கற்பிக்க நீ அங்கு போன முதல் நாள், தோட்டம் போடும் ஹெயிட்டிக்காரர் "இந்தத் தம்பி எந்தக் கப்பலில் வந்த ஆபிரிக்கன்?" என்று கேலி செய்ய, "கள்ளப் பாஸ்போட்டில் வந்த ஆளின் மகன்" என்று நீ சொல்ல, சிரித்துச் சிரித்தே உனக்கு ஒரு கதிரை தந்தார்களாம். பத்திரங்களுக்குச் சான்று கொடுக்கும் நொத்தாரிசு அலுவலகத்தில் ஒவ்வோர் அடையாள அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாழும் எனக்கு அப்படியோர் அறிமுகம். உண்மையாதலால் மறுக்க வழியில்லை.

அங்கு தலைவர் என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் செனகல் நாட்டுப் பெண்மணி ஒருவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். அவருடைய பெயர் அவா; எங்கள் பேச்சில் ஒரு பெண்ணை மரியாதையாகச் சுட்டும் சொல்லும் அதுவே. அந்தப் பெயர் நம் வீட்டில் பட்ட பாட்டை நீ மறந்திருக்க மாட்டாய்.

"ஆரடா போனிலை?"

"அவா."

"எவா?"

"அவா தான் அம்மா."

"அதைத்தான் கேக்கிறன், எந்த அவா? அவாவுக்கு ஒரு பேர் இல்லையோ?"

"அவாவின்ரை பேர்தான் அவா."

"என்னோடை பகிடி விடாதை, அகப்பைக் காம்பாலை வாங்குவாய்" என்றாள் அம்மா. எங்கள் வீடுகளில் அடிப்பேன், வெட்டுவேன், முறிப்பேன் என்பவை எல்லாம் எவ்வளவு எளிதாக வாயில் வருகின்றன என்று அன்று நான் யோசிக்கவில்லை. சிரித்தேன்.

மேசையின் ஒழுங்கு ஒன்றை நீ விளக்கியபோதுதான் எனக்கு அதில் மதிப்பு வந்தது. அங்கு எவரும் தம் வேலையைத் தாமே விளக்கக்கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. துணையாக இருப்பவர் எழுந்து மற்றவரின் வேலையைச் சபைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். உரியவர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். பிழையாகச் சொன்னால் விரலால் மேசையைத் தட்டலாம், அவ்வளவுதான். கொங்கோ நாட்டின் கோமா நகரிலிருந்து வந்த எமானுவேலுக்கு நீ துணை. எரிமலைச் சாம்பலும் துப்பாக்கிகளும் நிறைந்த தன் பிள்ளைப் பருவத்தை அவன் மையால் வரைய, அதை நீ எடுத்துச் சொன்னாய். முதல் நாள் அவன் மேசையை ஓயாமல் தட்டினான் என்றும், பிறகு தட்டுவது குறைந்தது என்றும் சொன்னாய். மற்றவனுடைய வலியைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லப் பழகுகிறீர்கள். நான் படித்த சாட்சியச் சட்டம் முழுவதும் அதற்காகவே எழுதப்பட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னர் ஒரு சனிக்கிழமை, ஒவ்வொருவரும் தங்கள் சனம் மற்றச் சனத்தை இழிவாகக் குறிக்கும் சொல்லை மேசையில் வைக்க வேண்டும் என்று அவா கேட்டார். தன் மொழிச் சொல்லை அவரே முதலில் வைத்தார். வானொலிப் பெண் தன் நாட்டில் ஒரு சொல் எப்படி அயலவர் கையில் கத்தியைக் கொடுத்தது என்று சொல்லி அழுதாள். உன் முறை வந்தபோது நீ, ஆபிரிக்கரைக் குறித்து நம்மவர் சொல்லும் "காப்பிலி"யை வைத்தாய். எமானுவேல் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். நீ உச்சரிப்பைத் திருத்தினாய். "ஆர் காப்பிலி?" என்று யாழ்ப்பாணத்தானைப் போலவே கேட்க அவன் பழகிக்கொண்டான். அவன் இழுத்துச் சொன்ன விதத்துக்கு எல்லோரும் சிரித்தீர்கள். இனிமேல் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தனக்கு விளங்கும் என்றானாம்.

சில வாரங்களில் விளங்கியது. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம். மேசை முடிந்து நீயும் அவனும் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்சந்தால் வந்தீர்கள். கார் ஒன்றின் அருகே ரஜீவனும் அவனுடைய கூட்டாளிகள் இருவரும் குடித்துக்கொண்டு நின்றார்கள். வாசிக்கும் பிறருக்காகச் சொல்கிறேன்: ரஜீவன் என் அண்ணையின், அதாவது உன் பெரியப்பாவின், மகன். நீ அண்ணா என்று அழைத்து, அவன் தோளில் ஏறி வளர்ந்தவன். அவன் உன்னைக் கண்டு கைகாட்டிவிட்டு, எமானுவேலைப் பார்த்து அந்தச் சொல்லைக் கூவினான். அதற்கு முன்னும் பின்னும் வேறு கெட்ட சொற்களைச் சேர்த்தான். விளங்காதவன் நடந்து போயிருப்பான். எமானுவேல் பெட்டியைக் கீழே வைத்தான், திரும்பினான், தமிழில் கேட்டான்: "ஆர் காப்பிலி?"

கூட்டாளிகள் சிரித்தார்களாம். ரஜீவன் சிரிக்கவில்லை. தன் மொழியே எதிரே நின்று தன்னைக் கேள்வி கேட்டதை அவனால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். படிக்கட்டில் ஐஸ் கொத்துவதற்காகச் சாத்தி வைத்திருந்த இரும்பை எடுத்தான். முதல் அடி தோளில். இரண்டாவது அடி தலைக்கு வந்தபோது எமானுவேல் வலது கையைக் கொடுத்துத் தடுத்தான். கை முறிந்த சத்தம் ஒலிவாங்கியில் தட்டியது போலக் கேட்டது என்றாய். விழுந்தவனின் அதே கையை இரும்பு மீண்டும் தேடி வந்தது. நீ ரஜீவனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாய். அவன் உன்னை உதறி எறிந்தான். "தம்பி விலகு, இது உனக்கில்லை" என்றான். அந்த அன்பு, அந்தச் சந்தில், அந்த இரும்போடு. இரத்தம் பனியில் இறங்கி உறைந்ததையும், எமானுவேல் தன் கைவிரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க முயன்றதையும் நீ சொன்னபோது அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

பொலிசின் அறிக்கையில் எல்லாம் இருக்கிறது, அந்தச் சொல் ஒன்றைத் தவிர. விழுந்தபோது தலை உறைபனியில் மோதியதால் எமானுவேலுக்கு அந்த மாலை நினைவில் இல்லை. கூட்டாளிகள் வாய் திறக்கவில்லை. எஞ்சியிருப்பவன் நீ. சொல் இல்லாவிட்டால் இது குடிகாரர்களின் கைகலப்பு. சொல் இருந்தால், வெறுப்பினால் விழுந்த அடி என்று இந்நாட்டு நீதிபதி தண்டனையைக் கூட்டி எடைபோடலாம். எங்கள் ஊர்ச் சட்டத் தமிழில் குற்றஞ்சாட்டப்பட்டவரை "எதிரி" என்று எழுதுவோம். தொழில் தொடங்கிய காலத்தில் யார் யாரையோ எதிரி என்று எழுதிய எனக்கு, அண்ணையின் மகனுடைய பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும். இவ்வழக்கில் எதிரி ரஜீவன்.

பெரியப்பா நம் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைத் தொடாமல் என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. "நீ சட்டம் படிச்சனி. பெடியனிட்டைச் சொல்லு, அந்தச் சொல்லு காதிலை விழேல்லை எண்டு. வேறை ஒண்டும் வேண்டாம்." நான் முடியாது என்றேன். "அப்ப நீ வந்து சொல்லு. அது எங்கடை பாசையிலை சும்மா சொல்லுத்தானே, பொய்யோ?" என்றார். அகராதியை மட்டும் பார்த்தால் அது பொய் அல்ல. அவரோடு எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போனேன்.

கண்ணியமான பெண்மணி. நிதானமாகக் கேட்டார். இச்சொல் உங்கள் அகராதிகளில் இருக்கிறதா? இருக்கிறது. ஆபிரிக்கரைக் குறிக்கும் பழைய சொல், கடலோடிகள் கொண்டுவந்தது, இலங்கையில் ஒரு சமூகத்துக்கு அதுவே பெயர். நீங்கள் இச்சொல்லை உங்கள் வீட்டில் பயன்படுத்தியதுண்டா? உண்டு. வெறுப்போடு பயன்படுத்தினீர்களா? இல்லை. நான் சொன்ன மூன்று பதில்களும் உண்மை. முதல் வீட்டில் நமக்குக் கீழே கமரூன் நாட்டவர் ஒருவர் இருந்தார். என் கார் உறைந்து நிற்கும் காலைகளில் தன் காரைக் கொண்டுவந்து வயர் கொடுத்து உயிர்ப்பித்தவர். பொங்கலன்று நான் அம்மாவிடம் சொல்வேன்: "கீழ்வீட்டுக் காப்பிலிக்கும் கொஞ்சம் குடுத்துவிடு." நீதான் கிண்ணத்தைக் கொண்டுபோவாய். நன்றியோடுதான் சொன்னேன். அவருடைய பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை.

"இவ்வளவுதான் எனக்குத் தேவை" என்று சட்டத்தரணி எழுதத் தொடங்கினார். மூன்று உண்மைகளை அடுக்கி ஒரு பொய்யைக் கட்டலாம் என்பது என் தொழிலில் எவருக்கும் தெரியும். அதை நானே கட்டிக்கொண்டிருந்தேன். அவர் நான்காவது கேள்வி கேட்கவில்லை. ஆனால் நான் பதிலைச் சொன்னேன். அதை உனக்கும் சொல்ல வேண்டும்.

என் இடது காது கேட்காது. சிறுவயதுக் காய்ச்சலில் போனது என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். அதுவும் பொய். கொழும்பில் நான் இளம் சட்டத்தரணியாக இருந்தபோது, கலவரம் தொடங்கிய ஒரு நாள், பெரியப்பாவும் நானும் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். எனக்கு அருகே நின்ற ஒருவர் நடத்துனரிடம், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லும் குரலில், "தெமள" என்றார். அவ்வளவுதான். தமிழன் என்று பொருள். சிங்கள அகராதியில் இருக்கும் சொல், அரசாங்கப் படிவங்களில் இருக்கும் சொல், நான் வாதாடிய நீதிமன்றங்களில் அன்றாடம் மரியாதையோடு உச்சரிக்கப்பட்ட சொல். எங்களைத் தலைமயிரில் பிடித்து இறக்கினார்கள். எங்களுக்கு முன் இறக்கப்பட்டவர் தார் ரோட்டில் அசையாமல் கிடந்தார், அவருடைய பல் என் சப்பாத்தின் கீழ் நொறுங்கியது. போத்தல் உடைந்தது. சைக்கிள் செயின் ஒன்று என் காதோடு சேர்த்துக் கன்னத்தில் அறைந்தது. நான் விழுந்தேன். பெரியப்பா எனக்கு மேல் விழுந்து படுத்துக்கொண்டார். அதன்பின் வந்த அடிகள் எல்லாம் அவருடைய முதுகில் விழுந்தன. ஒவ்வோர் அடிக்கும் அந்தச் சொல்லைச் சொல்லியே அடித்தார்கள். அவருடைய உடம்பின் ஊடாக அதை நான் கேட்டேன். கோடைகாலத்தில்கூடப் பெரியப்பா மேற்சட்டையைக் கழற்றுவதில்லை என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். காரணம் அதுதான்.

இதைச் சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டு, "அகராதி பற்றி நீதிமன்றத்தில் என்னைக் கேட்டால் இதையும் சொல்வேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வேன்" என்றேன். அவர் பேனாவை மூடினார். என்னைச் சாட்சியாக அழைப்பதில்லை என்றார். மிகவும் பணிவாக நன்றி சொன்னார்.

வெளியே கார்கள் நிறுத்துமிடத்தில் அண்ணை என்னை அடித்தார். எழுபதைத் தாண்டியவர். கையுறையைக் கழற்றிவிட்டு அடித்தார். "உன்னை என்ரை முதுகாலை மூடினது இதுக்கோ? ஆரோ ஒருத்தனுக்காக என்ரை பிள்ளையைக் கூட்டிலை போடவோ?" இரண்டாவது முறை அடித்தார். என் வாயில் இரத்தம் ருசித்தது. நான் கையை ஓங்கவில்லை. ஓங்க வேண்டும் என்று தோன்றியது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "அண்ணை, அண்டைக்கு அவங்கள் சும்மா சொல்லுத்தான் சொன்னவங்களோ?" என்று மட்டும் கேட்டேன். அவர் மூன்றாவது முறை கையை ஓங்கினார். அந்தக் கை காற்றில் நின்றது. பிறகு காருக்குள் ஏறி, இயந்திரத்தை இயக்காமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தார். லாசாலில் உள்ள நம் வீட்டுக்கு நான் பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் அவா வந்தார். நீ அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாய். நீ கேட்டிருக்கக்கூடும், கேட்காமலும் இருந்திருக்கலாம். அவர் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். அந்தச் சொல்லை நீ சொல்லிக் கொடுத்திராவிட்டால் எமானுவேல் திரும்பியிருக்க மாட்டான், அவனுடைய கை இன்று முழுதாக இருந்திருக்கும், ஆகவே குற்றம் உன்னுடையது என்று நீ மேசைக்கு எழுதி அனுப்பினாயாம். அவா அம்மாவின் வடையைப் பிட்டபடி சொன்னார்: "அவன் தன்னை எதிரி ஆக்கினால் உண்மையான எதிரிக்கு வசதியாகிவிடும். எமானுவேல் இடது கையால் வரையப் பழகுகிறான், மிகவும் கேவலமாக வரைகிறான், எல்லாரையும் திட்டுகிறான். வரைந்ததை எல்லாம் மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறோம். எடுத்துச் சொல்ல ஆள் இல்லை." வேறு ஒருவரைத் துணையாகப் போடலாமே என்று நான் கேட்டேன். "போட்டோம். இரண்டு கையாலும் மேசையைத் தட்டுகிறான், முறிந்த கை உட்பட" என்றார். அவர் போன பிறகு அம்மா கேட்டாள்: "அவா என்னவாம்?" "அவாவுக்குப் பெடியன் வேணுமாம்" என்றேன். "எனக்கும் வேணும்" என்று சொல்லிவிட்டு உன் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகனே, உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு உரிமை உள்ள இடம் ஒன்றுதான்: கூண்டில் நிற்கும் விதம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல். கேட்காததற்கு ஓடிப் போய்ப் பதில் சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே. ரஜீவன் உனக்குச் செய்த நன்மைகளைக் கேட்டால் அவற்றையும் முழுதாகச் சொல். அவை நடந்தவை. அவனைக் குறைத்துக் காட்டி எமானுவேலைக் கூட்டிக் காட்ட வேண்டியதில்லை. பெரியப்பா எதிரே அமர்ந்திருப்பார். அவர் என் உயிரைக் காத்தவர் என்பதும், அவருடைய மகன் ஒருவனின் கையை முறித்தான் என்பதும் ஒரே குடும்பத்தின் இரண்டு உண்மைகள். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது. நானும் முயன்றுதான் பார்த்தேன்.

இப்போது இரு தரப்பும் என்னைச் சாட்சியாக அழைக்கவில்லை. ஆகவே அறைக்குள் இருக்க எனக்குத் தடை ஏதும் இல்லை. நான் வருவேன். பெரியப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில், அவர் விட்டால், உட்காருவேன். அரச தரப்பு உன்னிடம் நடந்ததைக் கேட்டு, அடித்தவனை அடையாளம் காட்டச் சொல்லும். அது வழமை. நீ அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், அதன்பின் எதிர்த்தரப்பு, அந்த அம்மையார், எழுந்து அதைப் பற்றிக் கேட்பார். இதை நீங்கள் முதன்முதலில் எங்கே கேட்டீர்கள், யார் வாயில் கேட்டீர்கள் என்று கேட்பார். நீ என்னைக் காப்பாற்ற நினைத்து ஒரு கணம் தயங்குவாய் என்று அவர் எதிர்பார்ப்பார். அந்தத் தயக்கத்தை வைத்துத்தான் மிச்சக் கேள்விகளைக் கட்டுவார். பதில் எதுவென்று நான் எழுதவில்லை, உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தால் பார். நான் தலையைக் குனிய மாட்டேன். விரலை நீட்டி ஆளைக் காட்டச் சொன்னால், தயங்காமல் என்னைக் காட்டு.

அப்பா